பென்ரோஸில் திறந்த கதவு

நியூசிலாந்தின் ஓக்லாண்ட் நகரில், ஹில்ஸ்பரோவில் ஒரு துண்டுக் காணி வாங்கிய சற்குணமும் மனைவி பிரசாந்தியும், பென்ரோஸில் உள்ள தொழிற்சாலையொன்றில் முழுதாகச் செய்துமுடித்த வீட்டை லொறியில் கொண்டுவந்து அந்தக் காணியில் இறக்கினார்கள். சமையலறை, குளியலறை, அழைப்புமணி எல்லாம் கூடவே வந்தன. முதல் மழை வரும்வரை அது நல்ல வீடாகத்தான் இருந்தது.

மழைக்கு வாசல் கதவு உப்பி இறுகிக்கொண்டது. ஓக்லாண்டில் மழை பெய்யாத வாரத்தைத் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே கதவு திறந்த நாட்கள் குறைவு. முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருந்த பிரசாந்தி சீருடையோடு யன்னலால் இறங்கி வேலைக்குப் போனார். கோயிலுக்குப் போகச் சேலையோடு இறங்கிய அன்று எதிர்வீட்டார் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"ஒண்டில் இந்தக் கதவு இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும்," என்றார் பிரசாந்தி.

சற்குணம் முறைப்பாடு செய்தார். இத்தகைய வீடுகளின் வேலைப்பிழைகளை விசாரிக்கவென்றே நகரின் தெற்கே மனுகாவில் அரசாங்கப் பிரிவு ஒன்று இயங்கிவந்தது. விசாரணை அதிகாரி காந்திமதி, மலேசியாவிலிருந்து வந்தவர். தொழிற்சாலையின் சார்பில் வாடிக்கையாளர் மனநிறைவு அதிகாரி யசீகரன் வந்திருந்தார். எல்லோரும் தமிழர் என்றாலும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார். அவரை ஏற்கனவே ஏற்பாடு செய்தாயிற்று.

"கதவு திறக்கலையா?" என்று கேட்டார் காந்திமதி.

"மழைக்குத் திறக்குதில்லை, மேடம்," என்றார் சற்குணம்.

யசீகரன் எழுந்தார். "நாங்கள் ஒவ்வொரு கதவையும் சோதிச்சுத்தான் வெளிய விடுறனாங்கள். பென்ரோஸில திறந்த கதவு ஹில்ஸ்பரோவில திறக்கேல்லையெண்டா, பிழை எங்க இருக்கு?"

காந்திமதி யோசித்தார். "ஹில்ஸ்பரோவுல."

"அது நீங்கள் சொன்னது. நான் சொல்லேல்லை."

"தொழிற்சாலைக்குள்ள மழை பெய்யாதுதானே," என்றார் சற்குணம்.

"அது எங்கட கூரையின்ர தரம். கூரையைப் பற்றி உங்களுக்கு ஏதும் முறைப்பாடு இருக்கோ?"

"இல்லை."

"கூரை பற்றி முறைப்பாடு இல்லை" என்று பதிவாயிற்று. பின்னர் கட்டளை பிறந்தது: குறைபாடு வீட்டினுடையதா, நிலத்தினுடையதா என்பதை ஐயத்துக்கிடமின்றி நிர்ணயிக்கும் பொருட்டு, மேற்படி வீடு மேற்படி தொழிற்சாலைக்கு மீளக் கொண்டுசெல்லப்பட்டு, மேற்படி தம்பதியர் அதில் வழமைபோல் வசித்துவர, மேற்படி கதவு அவதானிக்கப்படுதல் வேண்டும்.

வீடு மறுபடியும் லொறி ஏறியது. தொழிற்சாலைக் கூரையின் கீழே கதவு ஒரு விரலால் தள்ளவே திறந்தது. பிரசாந்தி அதைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், பிறகு அதில் சாய்ந்துநின்று அழுதார். போகப்போக அந்த இடம் பிடித்துப்போயிற்று. சற்குணம் வேலைபார்த்த களஞ்சியம் அடுத்த தெருவில் இருந்தது. எந்த மழைக்கும் உடுப்புக் காய்ந்தது. காவலாளி இலவசம்.

தீர்ப்பு வந்தது. வீட்டில் குறை இல்லை; நிலத்தில்தான் குறை. நிலத்துக்கு எதிரான முறைப்பாடுகளை வேறொரு பிரிவு கவனிக்கும். அந்தப் பிரிவு இன்னும் அமைக்கப்படவில்லை. அதுவரை இப்போதைய நிலை தொடரும்.

இப்போது யசீகரன் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணை, எங்களுக்கு இடம் வேணும். அடுத்த வீடு செய்யேலாமக் கிடக்கு."

"கொண்டுபோய் விடுங்கோ தம்பி. ஆனா அங்கயும் கதவு திறக்கவேணும்."

யசீகரன் மனுகாவுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார்.

"நீங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார் காந்திமதி.

"இல்லை, வீட்டைச் செய்த ஆக்கள்."

"இங்க வீட்டுக்காரங்கதான் முறைப்பாடு கொடுக்கலாம்."

சங்கதி பரவியது. சமையலறை சரிந்தவர்களும் குளியலறை ஒழுகியவர்களும் அதே கட்டளையைக் கேட்டு வாங்கினார்கள். வீடுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. தொழிற்சாலைக் கூரையின் கீழ் வசிப்பது ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. கோயிலில் தெரிந்தவர்கள், "நீங்கள் இன்னும் வெளியிலயோ இருக்கிறியள்?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார்கள். குறையே இல்லாத வீட்டுக்காரர் சிலர் கதவில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததாகவும் கேள்வி.

தொழிற்சாலையில் புதுவீடு செய்ய ஓர் அடி இடமும் மிஞ்சவில்லை. புதுவீடு இல்லாததால் புது முறைப்பாடும் இல்லை. ஆண்டு முடிவில் விசாரணைப் பிரிவு விழா எடுத்தது. முறைப்பாடுகள் அறவே ஒழிந்தன என்று அறிவித்து, காந்திமதி தொழிற்சாலைக்குக் கேடயம் வழங்கினார். யசீகரன் வாங்கிக்கொண்டார். மனநிறைவடைந்த வீட்டுக்காரர் என்ற முறையில் சற்குணத்தை மேடைக்கு அழைத்தார்கள். தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் சொன்னார். பொய்யும் இல்லை. மண்டபம் நிறையக் கைதட்டல்.

விழாவின் சாப்பாட்டு மேசையில் பிரசாந்தி கேட்டார். "எங்கட காணியில புல்லு இடுப்பளவுக்கு வளர்ந்திட்டுதாம். ஹில்ஸ்பரோவுக்கு எப்பதான் திரும்பிப் போறது?"

"அதுக்கு ஒரு முறைப்பாடு போடவேணும்," என்றார் சற்குணம்.

"போடுங்கோவன்."

"இனி எப்பிடிப் போடுறது? இப்பதானே இவ்வளவு பேருக்கு முன்னால குறை இல்லையெண்டு சொன்னனான்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீரும்தானே கைதட்டினனீர்," என்றார் சற்குணம்.