கிளீன் ரூமுக்குள் சுக்குப் பற்று

எங்கள் குடும்பத்தில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியாது. ஒரு தும்மல் வெளியே கேட்டால் போதும், யாராவது அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். மிளகு என்பார்கள், மஞ்சள் என்பார்கள், ஓமம் என்பார்கள். டாக்டர் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்ட மடச்சி நான். அதனால்தான் இந்தக் கோபம். (கோபம் அவர்கள்மேல்தான். என்மேல் கொஞ்சம்.)

இதில் தலைமை வைத்தியர் என் அக்கா. ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் அவள் வீடு எனக்கு நேர் கீழே. என் தும்மல் ஜன்னல் வழியாக இறங்கி அவள் வீட்டுக்குப் போய்விடும். வாட்ஸாப்பில் வருகிற வைத்தியக் குறிப்பு ஒன்றைக்கூட அவள் சந்தேகப்பட்டதில்லை. எல்லாவற்றையும் என்மேல்தான் சோதித்துப் பார்ப்பாள். அவளுக்கே சளி பிடித்தால் புருஷனின் கம்பெனி மருத்துவக் கார்டை எடுத்துக்கொண்டு நேராகக் கிளினிக்குக்குப் போவாள். கேட்டால், "எனக்குச் சூட்டு ஒடம்புடீ, மிளகு ஒத்துக்காது" என்பாள்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் ஆபரேட்டர். வேலை கிளீன் ரூமில். அங்கே தூசுதான் எதிரி. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி. கண் மட்டும் வெளியே தெரியும். பவுடர், லிப்ஸ்டிக், சென்ட் எதுவும் கூடாது. காற்றில் தூசு கூடினால் ஒரு கருவி கத்தும். அது கத்தினால் உற்பத்தி லைனே நிற்கும்.

அந்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு, அதாவது தொழிற்சாலையைச் சோதித்துப் பார்க்க, வருவதாக இருந்தது. சூப்பர்வைசர் ரகு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "கோமளா, ஆடிட் நல்லா முடியட்டும். லைன் லீடருக்கு ஒன் பேரத்தான் குடுக்கப் போறேன்" என்றார். பல வருடங்களாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். லைன் லீடருக்கு ஒரு நாற்காலி உண்டு. கூடுகிற சம்பளத்தைவிட அந்த நாற்காலிமேல்தான் எனக்கு ஆசை.

இது என் மூக்குக்குப் பொறுக்கவில்லை. ஆடிட்டுக்கு முதல் நாள் சளி பிடித்தது. தலை பாறாங்கல்லாகக் கனத்தது. எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்தால் நாற்காலி போய்விடும். மாத்திரை போட்டால் மிஷின் பக்கத்திலேயே தூங்கி விழுவேன்.

அக்கா வந்துவிட்டாள். மிளகும் மஞ்சளும் போட்ட பாலைக் குடித்தேன். தொண்டைதான் எரிந்தது, சளி அசையவில்லை. கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில் கட்டி மூக்கருகே வைத்தாள். இழுத்த இழுப்பில் ஒரு விதை உள்ளே போய்விட்டது. (அது வெளியே வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) மறுநாள் காலையில் நான் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சுக்கை இழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இத நெத்தியில பத்து போடு. சளிய அப்படியே இழுத்துரும்."

"வேலைக்குப் போறேன்கா. மூஞ்சியில ஒன்னும் போடக் கூடாது."

"பெடாக்தான போடக் கூடாது? இது மருந்துலா."

"சரி, போட்டுட்டுக் கழுவிர்றேன்."

"கழுவுனா வேல செய்யாதுடீ. தானா காயணும். அதான் தலையோட மூடிக்கிறீங்களே, எவன் பாக்கப் போறான்?"

பெடாக் என்றால் இங்கே முகப் பவுடர். பவுடர் வேறு, மருந்து வேறு. அப்போது எனக்கு அது பெரிய நியாயமாகப் பட்டது. நெற்றி முழுக்க, மூக்குத் தண்டுவரை பூசிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். உடுப்பு மாற்றும் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். கதவருகில் ரகு அண்ணன் ஒவ்வொருவராகக் கேட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"கோமளா, பெடாக்?"

"இல்லண்ணே."

"லிப்ஸ்டிக்?"

"இல்லண்ணே."

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

பற்று காய்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். என் மூளைக்கு மட்டும் அது எட்டவில்லை. கிளீன் ரூம் காற்று குளிர்ந்து வறண்டது. பற்று இறுகியது, தோலைப் பிடித்து இழுத்தது, பிறகு வெடித்தது. புருவத்தைத் தூக்கினால் நெற்றியில் ஏதோ நொறுங்குவது எனக்கே கேட்டது. அரிப்பு வேறு. ஆடிட்டர்கள் என் மிஷின் பக்கம் வந்தபோது இமையைக்கூட அசைக்காமல் நின்றேன். அவர்களில் உயரமானவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நானும் மரியாதை தெரிந்தவளாயிற்றே, பதிலுக்குத் தலையசைத்தேன்.

கண்ணில் தூள் விழுந்தது. எரிந்தது. தும்மினேன். (தும்மலா அது? லாரி டயர் வெடித்த மாதிரி.) கண் திறப்பு வழியாகப் பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, அடுக்கி வைத்திருந்த சிப் தட்டின்மேல் மெதுவாக இறங்கியது.

கருவி கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் நின்றது.

எல்லாரையும் வெளியே கொண்டுவந்து தலைமூடியைக் கழற்றச் சொன்னார்கள். நான் கழற்றியதும் மற்றவர்களுடையதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"அலமாக்! ஐயோ, என்னா இது?" என்றார் ரகு அண்ணன்.

"சுக்குண்ணே."

"பெடாக் இல்லன்னு சொன்னியே?"

"பெடாக் இல்லதான். மருந்து."

"மருந்தா? பெயின்ட் உரிஞ்ச செவுரு மாதிரி வந்து நிக்கிற."

ஆடிட்டர் ஆங்கிலத்தில் என்னவென்று விசாரித்தார். காய்ந்த இஞ்சி, தலைவலிக்குப் போடுவது என்று ரகு அண்ணன் விளக்கினார்.

"இஞ்சியா? பிஸ்கட்டில் போடுவார்களே, அதுவா?"

"அதேதான் சார்."

"அப்படியானால் சாப்பிடாமல் ஏன் நெற்றியில் வைத்திருக்கிறார்?"

ரகு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆடிட்டில் கம்பெனி தேறிவிட்டது. துளி இஞ்சியைக்கூடக் கருவி கண்டுபிடித்துவிட்டதாம், உடனே லைனை நிறுத்திவிட்டார்களாம். பாராட்டு ரகு அண்ணனுக்குப் போனது. எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. நாற்காலி பக்கத்து மிஷின்காரிக்குப் போனது. அவள் நன்றாக உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காவைத் தொண்டை கிழியத் திட்டினேன். அவள் அசையாமல் கேட்டுவிட்டு, "சரி, இப்ப மூக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

மூச்சை இழுத்துப் பார்த்தேன். சனியன், திறந்திருந்தது. (அந்த ஒரு தும்மலில் எல்லாம் போயிருக்கும்.)

அவ்வளவுதான். இப்போது எந்தக் கல்யாண வீட்டில் யார் மூக்கை உறிஞ்சினாலும் அக்கா என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறாள். "எங்க கோமளாவுக்கு ஒரே ஒரு தடவதான் சுக்கு போட்டேன். தும்மலும் நின்னுச்சி, ஃபேக்டரியும் நின்னுச்சி." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், சுக்கை எவ்வளவு கெட்டியாக இழைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு போவார்கள்.