மருந்தண்ணன் போட்ட பூப்பாத்தி

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் மருந்தண்ணனைப் போலச் செடி கொன்றவரும் கிடையாது, செடிக்காக அலைந்தவரும் கிடையாது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நாற்பது வருடம் பம்பை முதுகில் சுமந்து களைக்கு மருந்தடித்தவர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். வேலை ஓய்ந்து எங்கள் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்ததும் ஆளே மாறிப்போனார்.

எங்கள் கோயில் வேலியோரம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. சிமெண்டு ஊற்றி மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமாக்கலாம் என்றார் கோயில் கூட்டத்தில் செயலாளர். மருந்தண்ணன் எழுந்து நின்றார்.

"நவராத்திரி வரைக்கும் எனக்கு விடுங்கலா. அந்த ஒம்பது நாளும் அங்க பூ இல்லன்னா சிமெண்டு ஊத்துங்க, நானே கலக்கித் தர்றேன்."

"கேமரன் மலையிலேர்ந்து செவ்வந்தித் தொட்டி வாங்கி வச்சிருவோமேண்ணே?" என்றார் செயலாளர்.

"அது குளிருக்குப் பொறந்த புள்ள. நம்ம வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. இங்கயே பொறந்ததா பாப்போம்."

அன்று பிடித்தது கிறுக்கு. புரட்டாசி, ஐப்பசி மழையில், இந்த உப்புக்காற்றில் எது பூக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்தார். பின்னால் லோரி ஹாரன் அடிக்க, நடுரோட்டில் மோட்டாரை நிறுத்திவிட்டுப் புதரை எட்டிப் பார்ப்பார். ஒரு சாவு வீட்டில், கொள்ளி வைக்கக் கிளம்பிய மகனிடம், "தம்பி, உங்க வேலியில இருக்கற இட்லிப்பூ போன தீபாவளிக்குப் பூத்துச்சா?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். அந்த மனிதரோ யோசித்து, "பூத்துச்சுண்ணே, அப்பாதான் பறிச்சாரு" என்று சொல்லி, அப்போதுதான் முதன்முதலாக அழுதார்.

இட்லிப்பூவை எறும்பு விடாது, பறிக்கும் பெண்களைக் கடிக்கும் என்று தள்ளினார். பூவரசு மரமாகிவிடும் என்று தள்ளினார். கடைசியில் எதை நட்டார் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. "பூத்தா தெரியும்லா" என்பார்.

நவராத்திரிக்கு முந்தைய ஞாயிறு கோயிலில் கோத்தோங் ரோயோங். ஊரே கூடித் துப்புரவு செய்ததில் புல்வெட்டும் மெஷின் என் கையில். பாத்தியைப் பார்த்தால் முழுக்கச் செண்டுடுக் புதர். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் அதைக் கண்டால் கை சும்மா இருக்காது. களைகளில் அதுதான் ராஜா. ஐயோ, அண்ணன் செடியைக் களை மூடிவிட்டதே என்று பத்தே நிமிடத்தில் பாத்தியை மொட்டையடித்தேன். அவர் வந்ததும் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

குந்தி உட்கார்ந்து அடிக்கட்டையைத் தடவினார். "தம்பி, இதுதான் என் செடி."

 அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே கேள்விதான் இருந்தது.

"வேர பிடுங்கலயே? மருந்து கிருந்து அடிச்சியா?"

"இல்லண்ணே."

"அப்ப பொழச்சிக்கும். ஒரு பூ ஒரு நாளுதான், ஆனா நாளைக்கு இன்னொண்ணு வரும். மழைக்கும் அசராது. ஒம்பது நாளைக்குள்ளதான் வராது."

"நாலு வார்த்த திட்டிருங்கண்ணே."

"நீ ஒரு காலைல செஞ்சத நான் நாப்பது வருசம் செஞ்சேன். யார யாரு திட்டறது?"

அன்று சாயங்காலக் கூட்டத்தில், "நான்தான் நேரந்தெரியாம கவாத்து பண்ணிட்டேன். சிமெண்டு ஊத்துங்க" என்றார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, "பொய் சொல்றாரு, வெட்டுனது நான்" என்றேன். கார்த்திகை தீபம் வரை தவணை கேட்டேன். செயலாளர் தலையைச் சொறிந்தார். "நானும் அத களைன்னு நெனச்சி நேத்து வெட்டச் சொல்ல இருந்தேன்லா" என்று அவர் ஒப்புக்கொண்டதும் கூட்டமே சிரித்தது. தவணை கிடைத்தது.

கார்த்திகையன்று வேலியோரம் செண்டுடுக் ஊதாவாகப் பூத்து நின்றது. தூறலில் குடையில்லாமல் ஒவ்வொரு பூவாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

இப்போது ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அன்று திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். இன்றும் கோயிலுக்குப் போனால், சாமியைக் கும்பிடுவதற்கு முன் அந்தப் பாத்தியைத்தான் பார்க்கிறேன்.