டிபோரின் பழைய நண்பர்

"நீங்களும் வரணும் கீத். நீங்க கூட இருந்தாத்தான் அந்த டிபோர் நம்மள ஒழுங்கா கவனிப்பாரு" என்றாள் இலோனா.

கீத் ட்ரெலோர் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

மெல்போர்னில் எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை என்று கேட்டால், அந்த நில அளவை அலுவலகத்தில் எல்லோரும் கீத்தின் மேசையைத்தான் காட்டுவார்கள். கிரேக்கக் கடையா, ஓக்லி போங்க. போலந்துக் கடையா, ஓரத்து மேசை கேளுங்க. பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கடையிலும் அவர் சாப்பிட்டதில்லை. டிராமில் வரும்போது செய்தித்தாளின் சாப்பாட்டுப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பார், அவ்வளவுதான்.

இலோனா அவருடைய மேலதிகாரி. அவள் அப்பா லாயோஷ் பாகோவுக்கு எண்பதாவது பிறந்தநாள். ஹங்கேரியச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டாள். எல்ஸ்டர்ன்விக்கில் 'வெள்ளை நாரை' என்றார் கீத். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முதலாளி டிபோர்கிட்ட என் பேரைச் சொல்லுங்க. பழைய நண்பர்" என்று ஒரு கொசுறு வேறு போட்டுவிட்டார்.

"எனக்கு வேற வழி தெரியல கீத்" என்றாள் இலோனா. "அம்மா போய் மூணு வருஷமாச்சு. நான் சமைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு வர்றதெல்லாம் அப்படியே கிடக்கு. ஒம்பது கடைக்குக் கூட்டிட்டுப் போயாச்சு. ஒரு வாய் தின்னுட்டு, இது மிளகாய்ப் பொடியா செங்கல் பொடியாங்கறாரு. தனியா விட பயமா இருக்கு. முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும். அவரு ஒரு வேளை வயிறாரச் சாப்பிட்டா, போட மாட்டேன்."

ஒரு மனிதரின் வீடு தன் வாய்ச் சவடாலில் தொங்குகிறது என்பது கீத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையிலேயே எல்ஸ்டர்ன்விக் ஓடினார். டிபோர் கடை வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். தொந்தியும் மீசையுமாக இருந்த அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

டிபோர் நாற்காலியைக் கீழே வைத்தார். "சாப்பிட்டுட்டு சாப்பிடலேன்னு சாதிக்கிறவனை நிறைய பாத்திருக்கேன். சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்ற ஆளு நீதான்யா முதல். கவலைப்படாதே. சனிக்கிழமை பாரு என் நடிப்பை."

சனிக்கிழமை மாலை. எங்கே போகிறோம் என்று அப்பாவிடம் இலோனா சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கி, பெயர்ப் பலகையைப் பார்த்ததும் கிழவரின் முகம் சுண்டிப்போனது. 'போச்சு, பலகையையே பிடிக்கவில்லை' என்று நினைத்துக்கொண்டார் கீத்.

உள்ளே டிபோரும் கிழவரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு சட்டென்று திரும்பி, "கீத்! எங்கய்யா போன?" என்று இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "இவருக்கு நான் கேக்கவே வேண்டாம். எப்பவும் சாப்பிடறதுதான்!"

எப்பவும் சாப்பிடறது வந்தது. மாட்டுக் குடல் குழம்பு, பக்கத்தில் நெருப்பு மாதிரி ஒரு குண்டு மிளகாய்.

"சாப்பிடுங்க கீத், உங்களுக்குப் பிடிச்சதாச்சே" என்றாள் இலோனா.

கீத் சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிந்தது.

"பாத்தீங்களா, சந்தோஷத்துல அழறாரு" என்றார் டிபோர். "ஒரு தடவை மேசை மேல ஏறி நின்னு எங்க ஊர்ப் பாட்டையே பாடினாரே!"

"அப்படியா? அப்பாவுக்காக ஒரு தடவை பாடுங்களேன்!"

கீத் எழுந்து நின்றார். இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். எதிரே கிழவர் தட்டைத் தொடாமல், சுவரைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ரொட்டி ஓரத்தை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தார். இலோனா அந்தத் தட்டைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்தாள்.

அதற்கு மேல் கீத்தால் முடியவில்லை.

"எனக்குப் பாடத் தெரியாது இலோனா. நான் இங்க சாப்பிட்டதே இல்ல. எந்தக் கடையிலயும் சாப்பிட்டதில்ல. எல்லாம் பேப்பர்ல படிச்சது. இந்த டிபோரையே முந்தாநாள்தான் முதல் தடவை பாத்தேன்."

"அப்போ பதினோரு வருஷமா...?"

"நாலஞ்சு தடவை கடை வாசல் வரைக்கும் போயிருக்கேன். எத்தனை பேருன்னு கேப்பாங்க. ஒருத்தர்னு சொல்ல நாக்கு வராது. திரும்பி வந்துடுவேன். நீங்கல்லாம் போய்ச் சாப்பிட்டுட்டு திங்கட்கிழமை வந்து நல்லா இருந்துதுன்னு சொல்லுவீங்களே... அது எனக்குப் போதும்னு இருந்துட்டேன். உங்கப்பா விஷயத்துல விளையாடியிருக்கக் கூடாது. மன்னிச்சுடுங்க."

டிபோர் மீசையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கிழவர்தான் முதலில் அசைந்தார். கையை நீட்டி கீத்தின் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். "அது கஷ்டம்தான் தம்பி. எனக்கும் ஒரு வருஷம் அதைச் சொல்ல நாக்கு வரல" என்றார்.

"அப்பா, நீங்க எப்போ...?" என்று ஆரம்பித்தாள் இலோனா.

அதற்குள் சமையலறைக் கதவு திறந்தது. வழக்கமாக மதியம் மட்டும் வேலை பார்க்கும் கத்தலின், கஷ்கொட்டைக் கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டிபோர் கண்ணைக் காட்டினார், இருமினார், துண்டை ஆட்டினார். அவள் கவனமெல்லாம் மெழுகுவத்தி அணைந்துவிடக் கூடாதே என்பதில் இருந்தது. கேக்கைக் கிழவர் முன் வைத்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லவேளை நீங்களே வந்தீங்க லாயோஷ் ஐயா. மார்த்தா அம்மா நேத்து உங்களோட சாப்பிட்டுட்டு இதை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு மதியமும் ரெண்டு பேருக்கு அதே மேசைதானே?"