ரூட் கெனால் புராணிகர்

மனிதர்களில் ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் வலி தாங்காமல் கன்னத்தில் கை வைத்தால் போதும், தெருமுனையிலேயே அவர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "பல்லா?" என்பார்கள். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். "டாக்டர் என்ன சொல்றாரு?" "ரூட் கெனால் பண்ணணுமாம்." அவ்வளவுதான். ஒரு பெருமூச்சு வரும். இழவு வீட்டில் ஆறுதல் சொல்கிற மாதிரி தோளில் இரண்டு தட்டு விழும். பிறகு ஆரம்பிக்கும் பாருங்கள் புராணம்!

இந்தப் புராணிகர்களிலும் இரண்டு ரகம் உண்டு. சிகிச்சை செய்துகொண்டவர் ஒரு ரகம். அவர் கதைக்கு ஏதோ ஓர் எல்லை இருக்கும். என்ன இருந்தாலும் நடந்ததைத்தானே நீட்ட வேண்டும்? இன்னொரு ரகம் பல் டாக்டர் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காதது. அதற்கு எல்லையாவது மண்ணாவது?

அலெக்ஸாண்ட்ரியாவில், முஹர்ரம் பே பேட்டைப் பக்கத்துச் சந்தில் சோபா தைக்கிற மேஸ்திரி, உஸ்தா ஸக்லூல், இந்த இரண்டாவது ரகம். நல்ல வேலைக்காரர். அவர் கட்டிய மெத்தையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. சாயங்காலம் காப்பிக் கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலோ, பல்வலிக்காரன் எவனும் எழுந்து ஓடாமல் இருந்ததில்லை.

"என் கண்ணால பாத்தேன்யா! தமன்ஹூர்க்காரன், நல்ல ஆம்பள, ஒட்டகம் மாதிரி இருப்பான். நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. டாக்டர் அவன் நெஞ்சு மேல முழங்கால ஊனிக்கிட்டு இழுக்கறாரு, இழுக்கறாரு, நரம்பு வந்துக்கிட்டே இருக்கு, ஒரு முழம்! மூளையிலேர்ந்து வர்ற நரம்பு அது, தெரியுமில்ல? அன்னையிலேர்ந்து அவனுக்கு வலது கண்ணு சிமிட்டறதே இல்ல. தூங்கறப்பக்கூட ஒத்தக் கண்ணு நம்மளையே பாத்துக்கிட்டிருக்கும்."

கேட்டவன் கதி என்ன? கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஆஸ்பிரினை ஈறில் வைத்து ஈறைப் பொசுக்கிக்கொள்வான். டாக்டரிடம் மட்டும் போகமாட்டான். ஸக்லூல் திருப்தியாக டீயை உறிஞ்சிவிட்டு, "என் பல்லு இரும்பு. சோடா மூடியைக் கடிச்சே தெறப்பேன்" என்று முடிப்பார்.

அந்த இரும்புக்குத்தான் கேடு வந்தது. வருஷக்கணக்காக ஆணிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு சோபா தைத்ததில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, உள்ளே சீழ் கோத்துக்கொண்டது. எப்போது? மகள் நக்லாவைக் கேட்டு வந்த வீட்டார், "ஒரு வேளை எங்க வீட்ல சாப்பிட வாங்க" என்று கூப்பிட்ட அன்றைக்கு.

மாப்பிள்ளையின் அம்மா ஹாஜ்ஜா தவ்லத் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று வாத்துக்குள் சோறு அடைத்துச் சமைத்திருந்தாள். பெண்ணைப் பெற்றவர் என்பதால் பெரிய தொடையை எடுத்துத் தன் கையாலேயே ஸக்லூலின் தட்டில் வைத்தாள். அவர் ஒரு கடி கடித்தார். கண்ணில் மின்னல் வெட்டியது. தொடையை அப்படியே கீழே வைத்துவிட்டு முலுக்கியா கீரைச் சாறை ஸ்பூனால் உறிஞ்சிக்கொண்டிருந்தார், விருந்து முடிகிற வரைக்கும். பல்வலி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? எப்படிச் சொல்வார்? உட்கார்ந்த கையோடு, பல் டாக்டரிடம் போகிறவனெல்லாம் ஆம்பளையா என்று அதே மேஜையில் ஒரு மூச்சுப் புராணம் வாசித்து முடித்திருந்தாரே!

வைத்த தொடையைத் தொடாமல் ஒருவன் எழுந்து போனால், அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டாள் தவ்லத்: "எங்க வாத்து அவரு தொண்டையில இறங்கல. எங்க பையன் மட்டும் எப்படி இறங்குவான்?" நக்லா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஸக்லூலின் மனைவி இஹ்ஸான் நேரில் போய்க் கெஞ்சி, வருகிற வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு விருந்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க அந்தம்மா கண்ணு முன்னாடி வாத்த மென்னு முழுங்கணும். முழுங்கலேன்னா இவளுக்கு இந்தக் கல்யாணம் இல்ல" என்றாள் புருஷனிடம். "கெளம்புங்க டாக்டர்கிட்ட."

"கிராம்பு வெச்சா..."

"கிராம்ப வாத்துக்கு வெச்சுக்கறேன். கெளம்புங்க!"

கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் ஸக்லூலின் மண்டைக்குள் தமன்ஹூர்க்காரன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் பார்த்தான்.

டாக்டர் இரீனியின் கிளினிக் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். காத்திருக்கிற அறையில் ஏற்கெனவே மூன்று பேர்: மீசை வைத்த டிராம் டிரைவர் ஒருவர், கண்ணாடி போட்ட வாத்தியாரம்மா ஒருத்தி, மூலையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முனகுகிற ஒரு வாலிபன். அவர்கள் எல்லாம் முன்பதிவு செய்யாமல் வந்தவர்கள். இஹ்ஸானோ காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். அதனால் உள்ளேயிருந்து வந்த உதவியாளம்மா அஸீஸா, "ஸக்லூல் யாரு? வாங்க, நீங்கதான் மொதல்ல" என்றாள்.

ஸக்லூல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் அவருக்கு மரியாதை என்கிற அருமையான பொருள் நினைவுக்கு வந்தது.

"ஐயோ, இவங்கள உக்கார வெச்சுட்டு நானா? அண்ணே, நீங்க போங்க."

"அதெப்படி உஸ்தா? உங்க முறை. நீங்க போங்க" என்றார் டிரைவர்.

"முறை கெடக்கட்டும். வலிச்ச மொகத்த பாத்துக்கிட்டு என்னால போக முடியாது."

"எனக்கு அவசரமில்லீங்க, நெசமா."

"அல்லா மேல ஆணையா நீங்கதான் மொதல்ல!"

"அல்லா மேல ஆணையா மாட்டேன்!"

இரண்டு ஆணையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றன. இந்த மாதிரிச் சமயத்தில் அந்த ஊர் ஆம்பளைகளின் கையில் கடைசியாக ஒரு சீட்டு இருக்கும். காப்பிக்குக் காசு கொடுப்பதானாலும் சரி, பஸ்ஸில் இடம் விடுவதானாலும் சரி, எதிராளி வாயை அடைக்க அதைத்தான் இறக்குவார்கள். ஸக்லூலும் எழுந்து நின்று, கையை ஓங்கி அதை இறக்கினார்:

"நீங்க மூணு பேரும் போயி, இந்த ரூம் காலியானதும்தான் நான் உள்ள போவேன். காலியான பெறகும் போகலேன்னா, இதோ உக்காந்திருக்காளே, என் பொண்டாட்டிக்குத் தலாக்!"

தலாக் ஆணைக்கு மேல் பேச்சில்லை. டிரைவர் நெஞ்சில் கை வைத்து வணங்கினார். வாத்தியாரம்மா கண் கலங்கி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனா!" என்றாள். இஹ்ஸான் மட்டும் புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மூன்று பேர் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும், கிளினிக்கைப் பூட்டிவிடுவார்கள். ஸக்லூல் தப்பித்தார். இதோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தப்பித்தே இருப்பார். ஆனால் எதிரே மூன்று கன்னம், மூன்றும் வீக்கம். விடுமா அந்த நாக்கு?

"தைரியமா போங்க அண்ணே" என்றார் டிரைவரிடம். "அந்த ஊசி மட்டும்தான் கொஞ்சம்... சரி வேணாம், போங்க."

டிரைவர் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "ஊசிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தாடையில குத்தினா பிடரி வழியா முனை தெரியும். அவ்வளவுதான். தமன்ஹூர்ல ஒருத்தன்..."

பிறகு என்ன? முழங்கால் வந்தது. நாலு பேர் வந்தார்கள். நரம்பு வந்துகொண்டே இருந்தது. இந்த முறை முழம் ஒன்றரை ஆகியிருந்தது. சிமிட்டாத கண் வந்தபோது டிரைவர், "டிராம் ஷெட்டுல ஒரு வேல, மறந்தே போயிட்டேன்" என்று படியிறங்கினார். வாத்தியாரம்மாவுக்குத் திருத்தாத பரீட்சைத் தாள் ஞாபகம் வந்தது. வாலிபனோ ஒரே தாவல். தொப்பி மட்டும் தரையில் கிடந்தது.

ஸக்லூல் வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார்.

"ரூம் காலி" என்றாள் இஹ்ஸான், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. "உள்ள போறீங்களா, இல்ல நான் இப்படியே எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

போனார்.

டாக்டர் இரீனி சின்ன உருவம். ஸக்லூல் நாற்காலியில் சாய்ந்து, அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க எங்க டாக்டரம்மா?"

"எந்த மத்தவங்க?"

"பிடிச்சுக்கறவங்க."

"யாரைப் பிடிக்க?"

"என்னத்தான்."

டாக்டர் சிரித்துவிட்டாள். எக்ஸ்ரே எடுத்து, படத்தைக் காட்டி விளக்கினாள். பல்லுக்குள் நரம்பு சாகக் கிடக்கிறது, அதுதான் இத்தனை நாள் உயிரை வாங்கியது. மரத்துப்போக ஊசி போட்டு, மேலே சின்ன ஓட்டை போட்டு, அந்த அழுகலை எடுத்துக் கழுவி, வேர்ப் பள்ளங்களைச் சுத்தம் செய்து அடைத்தால் பல் பிழைக்கும். ரெண்டொரு நாள் லேசாகக் கடுக்கும். பிறகு இன்னொரு நாள் வந்து மேலே உறை போட்டுக்கொள்ள வேண்டும். "பல்லைப் பிடுங்கவா போறேன்? காப்பாத்தத்தான் போறேன்" என்றாள்.

ஊசி எறும்புக் கடி. பிறகு உதடு யாரோ அடுத்த வீட்டுக்காரனுடைய உதடு மாதிரி ஆகிவிட்டது. வாயில் ஒரு ரப்பர்த் திரையை விரித்து அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே எட்டிப்பார்க்க வைத்தாள். மிஷின் 'ங்ஙீ' என்றது. ஸக்லூல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இதோ வலிக்கப் போகிறது, இதோ, இதோ என்று காத்திருந்தார். வலி வருகிற வழியாகத் தெரியவில்லை. ஒரு வாரமாகத் தூங்காத மனுஷன். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், வாயைப் பிளந்தபடியே குறட்டை விட்டார்.

எழுப்பியபோது டாக்டர் பஞ்சில் எதையோ காட்டினாள். நூலைவிட மெல்லியதாக ஒரு இழை.

"இதுவா நரம்பு?" என்று குழறினார்.

"இதுதான்."

"இவ்வளவுதானா?"

"ஏன், ஏமாத்தமா இருக்கா?"

இருந்தது. பொய் சொல்வானேன்? நிறையவே இருந்தது. இவ்வளவு காலம் ஊரைக் கூட்டிக் காட்டிய பூதம் இந்தப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வாத்து வந்தது. தவ்லத் அதே பெரிய தொடையை அவர் தட்டில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தாள். நக்லா தண்ணீர்க் குவளையைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. ஸக்லூல் அடைத்த பல்லுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மறுபக்கமாகக் கடித்தார். மென்றார். விழுங்கினார். எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிவிட்டு, "ஹாஜ்ஜா, இன்னொரு துண்டு" என்று தட்டை நீட்டினார்.

தவ்லத்தின் முகம் மலர்ந்தது. "அன்னிக்கு என்னதான் வந்துச்சு சம்பந்தி உங்களுக்கு?"

சம்பந்தி! நக்லாவின் விரலுக்கு ரத்தம் திரும்பியது.

"பல்லுங்க" என்று ஒப்புக்கொண்டார். "ரூட் கெனால் பண்ணிக்கிட்டேன்."

தவ்லத் மெல்ல முன்னால் சாய்ந்தாள். "நானும் ரொம்ப நாளா ஒத்தப் பக்கமாத்தான் மெல்றேன். போகலாம்னு இருந்தேன். நீங்க அந்த ஒத்தக் கண்ணன் கதைய சொன்னீங்களா, விட்டுட்டேன். நெசத்த சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

எல்லாக் கையும் தட்டில் நின்றது. இப்படி ஒரு சபை ஸக்லூலுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. அந்த முழங்கால் கதை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மேஜைக்கு அடியில் இஹ்ஸான் அவர் காலை மிதித்தாள்.

"ஒண்ணுமே இல்ல ஹாஜ்ஜா. தூங்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சபை கலைந்தது. கை எல்லாம் மறுபடி சோற்றுக்குப் போனது. மாப்பிள்ளை பந்தாட்டம் பற்றிப் பேச ஆரம்பித்தான். உண்மையைச் சொன்னவனுக்கு ஊறுகாயை நகர்த்திக் கொடுக்கக்கூட ஆளில்லை. எவ்வளவு நேரம் பொறுப்பார்?

"ஆனா ஒண்ணு..." என்றார்.

எல்லாத் தலையும் திரும்பின. இஹ்ஸானின் செருப்பு இன்னும் அழுத்தியது.

"ஒரு மணி நேரம் வாயத் தெறந்து வெச்சுக்கிட்டு, ஒரு வார்த்த பேசாம கெடக்கணும். அந்த வேதனைய மட்டும் என்னால சொல்லி மாளாது!"

தவ்லத் சிரித்த சிரிப்பில் ஒத்தப் பக்கம் மெல்வதை மறந்து, வலி வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அப்படியும் சிரித்தாள். "ஞாயித்துக்கெழம என்னைய கூட்டிட்டுப் போங்க. கல்யாணத்துல நான் ரெண்டு பக்கமும் மெல்லணும்" என்றாள்.

ஸக்லூல் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். "ஆனா ஒண்ணு" என்று அவர் சொன்னபோது நீங்களும்தானே காதைத் தீட்டினீர்கள்? தூங்கிவிட்டார் என்றதும் உங்களுக்கும் சப்பென்று போகவில்லையா? போகட்டும். இதைப் படித்துக்கொண்டே நாக்கால் கடைவாய்ப் பல் ஒன்றைத் தடவிப் பார்த்திருந்தால் நீங்கள் வெறும் நோயாளி. டாக்டரிடம் போங்கள், சரியாகிவிடும். "இதென்ன பிரமாதம், எனக்குப் பண்ணினப்போ..." என்று இந்நேரம் பக்கத்தில் இருப்பவர் பக்கம் திரும்பியிருந்தால், மன்னிக்க வேண்டும், உங்களுக்கு வைத்தியம் எந்த டாக்டரிடமும் இல்லை.