சாய்ந்தால் பாடும் பிரஷ்

ஸ்க்ரூ டிரைவர் என் கையில் கிடைத்தால் அது குடும்பத்துக்கு ஆகாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி சாந்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குத்தான் தெரியவர ஆறு வருஷமானது.

அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மாடியில் தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள். சத்தம் கூடாது என்பதுதான் ஹவுஸ் ஓனரின் ஒரே நிபந்தனை. எங்கள் நாலு வயது மகள் உமாவோ பல் தேய்க்கிற பிரஷைக் கண்டாலே தெருவுக்கே கேட்க அலறுவாள். ஓனர் இரண்டு தடவை இறங்கி வந்துவிட்டார்.

"சார், இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுச்சுன்னா வீட்டக் காலி பண்ணிடுங்க."

"இந்த வீடு போச்சுன்னா நான் அடி அண்ணாமலைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க பஸ் ஸ்டாண்டுல குடித்தனம் பண்ணுங்க" என்றாள் சாந்தி.

சும்மா இருந்திருக்கலாம். (இருப்பேனா?) யாரோ கொடுத்த, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டையைக் கிழித்து, உள்ளே இருந்த பொட்டளவு பேட்டரியையும் மிஷினையும் உமாவின் பிரஷ் காம்பில் டேப் போட்டு ஒட்டினேன். சுவிட்சுக்குப் பதில் உருளுகிற ஒரு சைக்கிள் குண்டு: நேராக நின்றால் மௌனம், சாய்ந்தால் பாட்டு.

"பாட்டு கேட்டா எங்க இருந்தாலும் ஓடியாந்து ஈன்னு பல்லக் காட்டணும், சரியா?"

சனிக்கிழமை உமா சிணுங்காமல் பல் தேய்த்தாள். நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன்.

ஞாயிறு காலை அவள் அதை வைத்து விளையாட ஆரம்பித்தாள். பிடுங்கிச் சட்டைப் பையில் செருகினேன். அந்த நேரம் பார்த்து ஓனர் வந்து நின்றார்.

"மேல தியானம் சார். நீங்களும் வந்து உட்காருங்க. அமைதியான குடும்பம்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்து கண்ணை மூடிய பிறகுதான் நெஞ்சில் பிரஷ் குத்தியது. ஐயோ! வெளியே எடுத்தால் பாடும். எழுந்து ஓடலாமென்றால் குனிந்துதான் எழ வேண்டும். உட்காரும்போது பாடாமல் விட்டதே அந்த மலையின் கருணை. மூச்சைப் பாதிப் பாதியாக விட்டேன். காலில் எறும்பு ஏறியது. கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு, சாந்தி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் மூடிய கண்ணுக்குள் வரிசையாக வந்து போயின.

"எப்படி ஆடாம அசையாம உட்காந்திருக்கார் பாருங்க!" என்று ஓனர் யாரிடமோ கிசுகிசுத்தார்.

ஒருவழியாக மணி அடித்தது. அப்பாடா என்றிருந்தது. எல்லோரும் மலையை நோக்கிக் குனிந்து கும்பிட்டார்கள். நான் மட்டும் கம்பம் மாதிரி நிமிர்ந்தே இருந்தேன். ஓனர் என் முதுகில் பாசமாகக் கை வைத்து அழுத்தினார்.

"கும்பிடுங்க சார்."

பாடியது. கீச்சுக்குரலில், விடாமல் பாடியது. நெஞ்சைப் பொத்தினேன், இன்னும் பலமாகப் பாடியது. அதுகூடப் பரவாயில்லை. படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கலைந்த தலையோடு உமா ஓடிவந்து, அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, "ஈஈஈ!"

ஒரு வெள்ளைக்காரம்மா வெடித்துச் சிரித்தார். ஓனர் சிரிக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் சட்டி சாமான்களை மாமியார் வீட்டில் இறக்கினோம். வண்டியில் சாந்தி முன்சீட்டில் ஏறிக்கொண்டு என்னைச் சாமான்களோடு உட்கார வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன மாதம் உமாவுக்கு நிச்சயதார்த்தம். பத்திரிகை வாசிக்கும்போது சபை அமைதியாக இருந்தது. யாருடைய செல்போனோ பாடியது. பட்டுப்புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த உமா நிமிர்ந்து, என்னைத் தேடிப் பிடித்து, "ஈஈஈ" என்று காட்டினாள். பக்கத்தில் நின்ற சாந்தியும் காட்டினாள்.

பெண்ணுக்குப் பல்லில் ஏதாவது பிரச்சினையா என்று மாப்பிள்ளை வீட்டில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.