டீசல் வாடையே ஆகாது

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனதும், வெள்ளைச்சாமியின் ஐஸ் கம்பெனிக் கூரையிலிருந்த நாற்பது சோலார் பேனல்களும் சேர்ந்து வேலையை நிறுத்தின. லைனில் கரண்ட் இருந்தால்தான் அவையும் கொடுக்கும்; அப்படித்தான் மாட்டியிருந்தார்கள். வெயில் மட்டும் மண்டையைப் பிளந்தது.

"ஜெனரேட்டரப் போடுங்க," என்றாள் மனைவி செல்வராணி. "விடிஞ்சா பன்னெண்டு படகு கடலுக்குப் போகுது. ஐஸ் உருகிட்டா யாரு பதில் சொல்றது?"

போட்டார். ஜெகதாப்பட்டினம் முழுக்கக் கேட்டது. அப்போது புதுக்கோட்டை சோலார் ஆபீசிலிருந்து போன்.

"டெல்லி டீம் ஒங்ககிட்டதான் வாராங்க. டீசல் ஓட்டுறீங்களான்னு பாக்கணுமாம். கோட்டைப்பட்டினம் தாண்டியாச்சு."

பேனலுக்குப் பாதிப் பணம் அரசாங்க மானியம். வெள்ளைச்சாமி போனை வைத்தார்.

"டீசல் ஓட்டுறது தெரிஞ்சா மானியத்தத் திருப்பிக் கேப்பாங்க ராணி."

"அப்ப நிறுத்துங்க."

"ஐஸ்?"

நிறுத்தவில்லை. தார்ப்பாயால் மூடினார். புகை கொஞ்சம் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. மைக்செட் பிச்சைமுத்துவை அழைத்துப் பாட்டுப் போடச் சொன்னார். அதற்கும் கரண்ட் அந்த ஜெனரேட்டரிலிருந்துதான். பாட்டுக் கேட்டதும் என்ன விசேஷம் என்று தெருவே கூடிவிட்டது.

ஜீப் வந்து நின்றது. டீமின் தலைவி தமிழ்க்காரர்.

"என்ன ஃபங்ஷன்?"

"பேனல் மாட்டி ஒரு வருசம் ஆச்சுங்க மேடம். அதான் சின்னதா..."

"பின்னாடி புகை வருதே?"

"பந்திக்குச் சமைக்கிறாங்க."

இது கூட்டத்தின் காதில் விழுந்தது. இரண்டு பேர் போய் வாழை இலையே அறுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். செல்வராணி புருஷனை முறைத்துக்கொண்டே அண்டாவைத் தேடப் போனாள்.

தார்ப்பாய்க்குள் மூச்சடைத்து ஜெனரேட்டர் நின்றது. பாட்டும் நின்றது.

"என்னாச்சு?"

"ஒலகம் சூடாகுதுல்லங்க. அதுக்கு ரெண்டு நிமிசம் மௌனம்."

கூட்டம் தலை குனிந்தது. அதிகாரியும் குனிந்தார். உள்ளே ஐஸ் பார்கள் சொட்டத் தொடங்கின.

"கரண்ட் போனா டீசல் போடுவீங்களா?"

"டீசல் வாடையே எனக்கு ஆகாதுங்க."

"அப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"போறதே தெரியாதுங்க மேடம்."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "புகை கூடாது, கரண்ட் நிக்கக் கூடாது, செலவும் கட்டுபடியாகணும். மூணும் ஒண்ணா இருக்கிற எடத்த ஃபைல்லதான் பாத்திருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன்."

எழுதிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். டிரைவர் மட்டும் தண்ணீர் கேனுக்கு ஐஸ் கேட்டு வந்தார். வெள்ளைச்சாமி சந்தோஷமாக ஒரு பாரையே உடைத்துக் கொடுத்தார்.

"அடுத்து எங்கிட்டுப் போறீங்க?"

"பக்கத்து ஐஸ் கம்பெனிக்குங்க," என்றார் டிரைவர். "கரண்ட் போனா டீசலே கதின்னு கெடக்குற ஒரு கம்பெனிக்கு இனாமா பேட்டரி வச்சுக் குடுக்கத்தான் வந்தாங்க. லிஸ்ட்டுல மொதப் பேரு ஒங்களதுதான் இருந்துச்சு."