பென் பார்க்க வந்தவர்கள்

ஆரணி,
திங்கட்கிழமை, முற்பகல்.

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் படவேடு குப்புராஜ் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கையின் கணவன் தென்னரசு பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் மகள் கனிமொழியும் வேலைக்குப் போய்விட்டதால், எல்லோரும் என்று சொல்ல இந்த வீட்டில் இப்போது நானும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும்தான் இருக்கிறோம். ஆகவே அந்த வரியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும். அங்கு அக்காவும் வாழைத் தோட்டமும் கறவை மாடுகளும் நலமாக இருக்க ரேணுகாம்பாள் துணை நிற்கட்டும்.

உங்கள் தங்கை சூர்யகலா இன்று காலை ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு, "எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன், தேடிகினு வர வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இக்கடிதம் கிடைக்கும்போது அவள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள். அதை முழுவதும் நம்புவதற்கு முன் என் தரப்பையும் படிக்க வேண்டுகிறேன். போனில் கூப்பிட்டால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் கூப்பிட்டால் தாங்களும் பேசுவீர்கள். கடிதத்தில் நான் மட்டும் பேசலாம்.

என் பேனா விஷயம் தாங்கள் அறிந்ததே. பட்டுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சர்க்கரை வியாதி வளர்க்கிறார்கள், நான் மைப்பேனா வளர்க்கிறேன். 'இன்றைய பேனா' என்று எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அன்றாடம் யார் எந்தப் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெளியே கிளம்புகிறாரோ, அதைக் காலையில் படம் பிடித்துப் போட வேண்டும். கூடவே அதே பேனாவால் ஒரு வரி எழுதியும் காட்ட வேண்டும். மளிகைச் சீட்டானாலும் சரி, பால்காரனுக்குக் குறிப்பானாலும் சரி, எழுதாத பேனாவுக்கு அங்கே இடமில்லை. ஷோகேஸில் பூட்டி வைக்கிற ஆசாமிகளை நாங்கள் சேர்ப்பதே இல்லை. உங்கள் தங்கை இதை, "பல்லு கூட வெளக்காம ஒருத்தன் பேனாவ ஒருத்தன் மோந்து பாக்கறானுங்க" என்று வர்ணிப்பாள். இந்த வாய் அவளுக்கு எந்த வழியில் வந்தது என்று தங்கள் குடும்பத்தில் யாரையும் நான் குறிப்பிட விரும்பவில்லை.

அந்தக் குழுவில் வெம்பாக்கத்துக்காரர் சிங்கராயர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். ஓய்வு பெறும் வயதுதான், ஆனால் தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருப்பார். லிடியா என்று ஒரு பெண் இருக்கிறாள், ஆற்காட்டில் பேங்க் வேலை. இரண்டு பேரும் என் பேனாக்களை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போன வாரம் சிங்கராயர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "சண்டே ஈவ்னிங் பென் பாக்க வரோம்." தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது அவர் வழக்கம். அந்த எழுத்தில் பேனாவும் மூன்று எழுத்து, பெண்ணும் அதே மூன்று எழுத்து. இது எவ்வளவு ஆபத்தான சங்கதி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் ஓடிபி பார்க்க என் போனை எடுத்த உங்கள் தங்கை, ஓடிபிக்குப் பதிலாக இதைப் படித்துவிட்டாள்.

நான் கொல்லைப்புறத்தில் ஒரு பேனாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நீங்களே ஏற்பாடு பண்ணீங்களா?" என்றாள்.

"ஆமா. ரொம்ப நாளா கேட்டுகினே இருந்தாங்க. இனிமே தள்ளிப் போட்டா நல்லாருக்காது."

"எந்த ஊரு?"

"வெம்பாக்கம்."

"இன்னா வேல?"

"வாத்தியார்."

"கவர்மென்ட்டா?"

"கவர்மென்ட்தான். சொந்த வூடு. கூட லிடியான்னு ஒரு பொண்ணும் வருது."

"கிறிஸ்டியனா?"

"ஆமா. அதனால இன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இன்னா இருக்குது, மனுஷங்க நல்லவங்களா இருந்தா போதும்" என்றாள். மச்சான், பேனா விஷயத்தில் இவ்வளவு பரந்த மனசை நான் அவளிடம் கண்டதில்லை. "நல்ல வெளிச்சத்துல வச்சிக் காட்டணும், காலைலயே நல்லா கழுவி விடணும்" என்றேன். "தலைக்கே ஊத்தி விட்டுடறேன்" என்றாள். "சுடுதண்ணி மட்டும் கூடாது, பச்சைத் தண்ணிதான்" என்றேன். "சளி புடிச்சிக்குமே" என்றாள். உள்ளே மை அடைத்துக்கொள்வதைத்தான் பாவம் சளி என்கிறாள், அவளுக்குத் தெரிந்த பாஷை அதுதான் என்று நான் உருகிப் போனேன்.

அடுத்த நாலைந்து நாட்களைப் பற்றி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. புது மாப்பிள்ளையாக வந்தபோது கூட உங்கள் தங்கை என்னை அப்படிக் கவனித்ததில்லை. கேட்காமல் டீ வந்தது. கருவாட்டுக் குழம்பு வந்தது. என் சட்டைப்பையில் மை பட்டிருந்ததைத் திட்டாமல் துவைத்தாள். ஒரு நாள் மாலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்கும் பொறுப்பு இருக்குதுன்னு எனக்குத் தெரியும், வெளிய காட்டிக்க மாட்டீங்க" என்றாள். பேனாக்காரனைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை எந்த வீட்டில் சொல்வார்கள்? நானும் சும்மா இருக்கவில்லை. கூடத்துக்கு வெள்ளையடித்தேன், மின்விசிறி துடைத்தேன், ஒட்டடை அடித்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். எங்கள் மகள் கனிமொழி மட்டும், "இன்னா ஆச்சி உங்க ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள். அவள் கண் டாக்டரிடம் கண்ணாடி நம்பர் பார்க்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். அப்பா அம்மாவுக்குத்தான் அப்போது பார்வை சரியில்லை.

(இங்கிருந்து மை பச்சையாக இருக்கும். நீலம் தீர்ந்துவிட்டது. பச்சையில் கையெழுத்துப் போட நான் ஒன்றும் பெரிய அதிகாரி இல்லை என்பது தெரியும், மன்னிக்கவும்.)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரவா கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, கூடத்தில் ஊதுவத்தி. உங்கள் தங்கை கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டியிருந்தாள். கனிமொழி அறையிலிருந்து வெளியே வரவில்லை, உள்ளே ஏதோ வாக்குவாதம் கேட்டது. "இதான் கடைசி, இதுக்கு மேல எவன் வந்தாலும் நான் உக்கார மாட்டேன்" என்றாள் மகள். என் பேனாக்களைப் பார்க்க இவள் எதற்கு உட்கார வேண்டும் என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அதற்குள் வாசலில் ஆட்டோ நின்றதால் அந்தச் சந்தேகத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

சிங்கராயர் வெள்ளைச் சட்டையில், பையில் மூன்று பேனாக்களுடன் இறங்கினார். பின்னாலேயே லிடியா. உங்கள் தங்கை இருவரையும் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"மத்தவங்க பின்னாடி வராங்களா?"

"நாங்க ரெண்டு பேர்தாம்மா" என்றார் சிங்கராயர்.

அவள் அவர் தலைமுடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தலைமுடியைப் பார்த்தாள். வந்தவர்களை உட்கார வைத்துக் கேசரித் தட்டைக் கொடுத்தாள். அந்தப் பொறுமைக்கு உங்கள் குடும்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சிங்கராயர் கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு மனம் திறந்து பேச ஆரம்பித்தார்.

"எனக்கு வீட்ல ஏற்கெனவே இருபதுக்கு மேல இருக்குதும்மா. ஆனாலும் பாருங்க, ஆசை விடல."

பஜ்ஜித் தட்டு பாதி வழியில் நின்றது. "இருபதா?" என்றாள்.

"எதையும் சும்மா வெக்கறதில்ல. தினமும் மாத்தி மாத்தி ஸ்கூலுக்கு எடுத்துகினு போவேன். புதுசு கொஞ்சம் மொரண்டு புடிக்கும். கை பழகிட்டா சரியாப் பூடும்."

"உங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"என் சம்சாரம் மொதல்ல சண்ட போட்டா. இப்ப அவளே துடைச்சி அடுக்கி வெக்கறா."

உங்கள் தங்கை லிடியாவின் பக்கம் திரும்பினாள். "நீ இவருக்கு இன்னாம்மா ஆவணும்?"

"குரூப்ல பழக்கம் ஆன்ட்டி. எங்கிட்டயும் பன்னெண்டு இருக்குது. ஜெர்மன் ரெண்டு, ஜப்பான் ஒண்ணு, மீதியெல்லாம் நம்ம ஊருதான்."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அதை வியப்பு என்று நினைத்தேன். ஜப்பான் பேனா என்றால் யாருக்கும் வியப்பு வரத்தானே செய்யும். அந்த நேரம் பார்த்து கனிமொழி பட்டுப் புடவையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காப்பித் தட்டுடன் வந்தாள். சிங்கராயர் மரியாதையாக எழுந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம் ஆவலோடு, "சார், பாக்கலாங்களா?" என்றார்.

"பாத்துகினுதான இருக்கீங்க" என்றாள் உங்கள் தங்கை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும்.

"இல்லம்மா, கையில எடுத்துப் பாத்தாதான வெயிட்டு தெரியும்" என்றார் அந்த அப்பாவி.

"கனி, நீ உள்ள போ" என்று எழுந்தாள். பஜ்ஜி எடுக்கும் இடுக்கி அவள் கையில் இருந்தது. அடுத்த நொடி சிங்கராயரின் மூக்குக்கு என்ன ஆகியிருக்குமோ தெரியாது. நல்லவேளையாக நான் பீரோவைத் திறந்து பேனாப் பெட்டியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடியது. உங்கள் தங்கை பெட்டியைப் பார்த்தாள். "இதுவா?" என்று கேட்டாள்.

"இதான் சூர்யா."

"இதைப் பாக்கவா வந்தாங்க?"

"வேற எதை?"

கனிமொழிதான் முதலில் புரிந்துகொண்டாள். காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு முட்டச் சிரித்தாள். லிடியாவுக்கும் புரிந்துபோய் அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கள் தங்கை கத்தவில்லை. பாதி தின்ற கேசரித் தட்டைச் சிங்கராயர் கையிலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் ஸ்பூனை மட்டும் பிடித்துக்கொண்டு, ஜல்தியாகக் கிளம்பிவிடலாமா என்று லிடியாவைப் பார்த்தார்.

கனிமொழி அவர்களை விடவில்லை. தானே விளக்கைப் போட்டு எல்லாப் பேனாக்களையும் எடுத்துக் காட்டினாள். ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன், "எடுக்கலாமா?" என்று சிங்கராயர் கேட்டார். அவர்கள் போனபின் அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என்னைப் பாக்க வந்தவங்கள்ல இவங்கதான்பா மரியாதையானவங்க. பேனாவத் தொடறதுக்குக் கூட பர்மிஷன் கேக்கறாங்க. மாமா இட்டுகினு வந்தாரே ஒரு மாப்ளயோட அம்மா, அது கேக்காமலே என் வாயத் தொறந்து பல்ல எண்ணிச்சி." இது தங்களைக் குத்திக் காட்ட எழுதியதல்ல. ஆனால் எண்ணியது உண்மை.

உங்கள் தங்கை அதன்பிறகு என்னுடன் பேசவில்லை. காலையில் பையைத் தூக்கும்போது மட்டும், "இந்த நாலு நாளும் உங்கள ஒரு மனுஷனா நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். மச்சான், அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இதைக் கேட்டபிறகு வாசலில் வந்து நின்றேன். அவள் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். அந்த நாலு நாளும் நானும் அவளைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தோன்றுகிறது. தாங்கள் சொல்லிவிடுங்கள். அவளைச் சமாதானப்படுத்தி, தாங்களே கூட்டி வந்து விடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். இனி பேனா பார்க்க ஒரு ஈ காக்கை கூட இந்த வீட்டுக்கு வராது. கனிமொழிக்கு வரன் பார்க்க நானே நாளை முதல் நேரில் இறங்குகிறேன். இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வருகையை எதிர்நோக்கும்,
தென்னரசு

பின்குறிப்பு (செவ்வாய் காலை): மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. உங்கள் தங்கை அங்கு வரவில்லை என்பதைத் தாங்களே கவனித்திருப்பீர்கள். பேஜார் வேண்டாம், வீட்டில்தான் இருக்கிறாள். படவேடு பஸ்ஸுக்காக அவள் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு பானுப்ரியா வந்து, "வாத்தியார் மாப்ள வந்தாராமே, இன்னா சொல்லிட்டுப் போனாங்க?" என்று கேட்டிருக்கிறாள். தெருவுக்கே விஷயம் போய்விட்டது, ஆட்டோ நின்றதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் தங்கை ஒரு நொடி யோசித்துவிட்டு, "எங்களுக்குத்தான் புடிக்கல, வேணாம்னு சொல்லிட்டோம்" என்றாளாம். இதுவரை நம் பக்கத்திலிருந்து யாரும் சொல்லாத வார்த்தை. எப்போதும் அவர்கள்தானே சொல்வார்கள். அதைச் சொன்னதும் அவளுக்கு ஊருக்குப் போகவே மனம் வரவில்லையாம். மல்லிகைப் பூ வாங்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். நேற்று பிற்பகல் முழுவதும் தெருவில் நாலு வீட்டில் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு களை. ஆகவே மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். படவேட்டில் யார் கேட்டாலும், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், நாங்கள் மறுத்துவிட்டோம் என்றே சொல்லவும். காரணம் கேட்டால், பையனுக்குக் கையெழுத்து சரியில்லை என்று சொல்ல வேண்டுமாம். உங்கள் தங்கையின் உத்தரவு. எங்கள் குழுவிலேயே முத்து முத்தாக எழுதும் ஒரே மனிதர் சிங்கராயர். அவரைப் பற்றி இப்படிச் சொல்ல என் மனசு எப்படி ஒப்பும்? ஆனால் இன்று காலை பானுப்ரியா மதில் மேல் எட்டிப் பார்த்து, "கையெழுத்துதான் காரணமா, நெசமாவாங்க?" என்று கேட்டபோது, உங்கள் தங்கை எனக்குப் பக்கத்தில் டீயுடன் நின்றுகொண்டிருந்தாள். "ஆமாம்மா, கோழி கிளறின மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.